கை தூக்காத வகுப்பு

அது புள்ளியியல் வகுப்பு. இளங்கலை முதலாண்டு. ஆசிரியர் பலகை நிறைய எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "புரிஞ்சுதா? யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

எனக்கு ஒன்றுமே புரிந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் நிதானமாக நோட்டில் ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் தலைகள் ஆடின. சரி, எல்லாருக்கும் புரிந்துவிட்டது, நான்தான் பின்தங்கிவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டு நானும் தலையாட்டினேன். ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

தேர்வு முடிந்து வெளியே வந்த பிறகுதான், அந்தப் பாடம் அன்றைக்கு யாருக்குமே புரியவில்லை என்று தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரி சொன்னாள்: "நீ தலையாட்டுனதப் பாத்துத்தான் நான் பேசாம இருந்தேன்."

அந்த வாக்கியம் எனக்குள் வெகுநாள் கிடந்தது. நான் பொய்யாக ஆட்டிய தலை, இன்னொருத்திக்குச் சாட்சியாகப் போயிருக்கிறது. அவள் போட்ட கோடு எனக்குச் சாட்சி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஏமாந்திருக்கிறோம். ஏமாற்றும் எண்ணம் இருவருக்கும் இல்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று இரண்டு ஆண்டு கழித்து ஒரு பாடப்புத்தகத்தில் படித்தேன். புளூரலிஸ்டிக் இக்னரன்ஸ். ஃப்ளாய்ட் ஆல்போர்ட்டும் டேனியல் காட்ஸும் 1931இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். எனக்குள் அதை 'கூட்டு அறியாமை' என்று வைத்துக்கொண்டேன். நான் வாய் திறக்காததற்குக் காரணம் கூச்சம் என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் வாய் திறக்காவிட்டால், அவருக்குத் தெளிவாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். டேல் மில்லரும் கேத்தி மக்ஃபார்லண்டும் 1987இல் இதைச் சோதித்தார்கள். வேண்டுமென்றே புரியாதபடி எழுதிய ஒரு கட்டுரையை மாணவர்களிடம் கொடுத்து, சந்தேகம் இருந்தால் வந்து கேட்கலாம் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. தன்னைவிட மற்றவர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. படிப்பில் மந்தம் என்று இரண்டு ஆண்டாக என்மேல் நானே ஒட்டிவைத்திருந்த சீட்டு அன்றைக்குக் கழன்று விழுந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் 'புரியவில்லை' என்றுதான் சொல்லியிருப்பார்கள். சேர்ந்து உட்கார்ந்தபோது மட்டும் 'புரிந்த வகுப்பு' ஒன்று உருவானது. அது யாருடைய தலைக்குள்ளும் இல்லை. மனிதர்கள் சேரும்போது உண்டாகி, கலைந்தால் காணாமல் போகிற இப்படியொன்றைப் பிடித்து அளக்க முடியும் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. சமூக உளவியலாளர்கள் என்று இதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், நானும் அந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "அப்போ நீ மனநல டாக்டர் ஆகப்போறியா?" இந்தத் துறைக்கு வருகிற எல்லாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். மனச்சோர்வால் தவிக்கிற ஒருவரைக் குணப்படுத்த நினைப்பவர்கள் போக வேண்டியது மருத்துவ உளவியலுக்கு. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, பல நாடுகளில் உரிமமும் வேண்டும். சமூக உளவியலில் முனைவர் பட்டம் வாங்கினாலும் நீங்கள் யாருக்கும் சிகிச்சை தர முடியாது, தரவும் கூடாது. சேர்ந்து ஓராண்டு போன பிறகு இதை உணர்ந்து உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிரில் இருக்கும் ஒரு மனிதரின் துயரம் உங்களை இழுக்கிறதா, அல்லது நூறு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்வது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதா? இரண்டும் மதிப்பான விஷயங்கள்தான். ஆனால் படிப்பு வேறு வேறு.

இரண்டாவது வகை என்றால், இந்தத் துறையின் பழைய வேலைகளைத் தேடிப் படிக்கச் சொல்வேன். பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். ஆள் கூடக் கூட, தலைக்கு இவ்வளவு என்கிற இழுவிசை குறைந்தது. 1880களில் செய்த சோதனைகளை அவர் வெளியிட்டது 1913இல். எனக்கு மிகவும் பிடித்தவர் குர்ட் லெவின். 1933இல் ஜெர்மனியைவிட்டு அமெரிக்கா போன யூதர். போர்க்காலத்தில் நல்ல இறைச்சி போர்முனைக்குப் போய்விட, வீடுகளில் சமைக்காமல் ஒதுக்கும் ஈரல், இதயம் போன்ற உறுப்பிறைச்சிகளை மக்கள் சாப்பிடும்படி செய்ய வேண்டியிருந்தது. லெவின் குடும்பத் தலைவிகளைக் குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்கு நல்ல சொற்பொழிவு: சத்து, சிக்கனம், நாட்டுக்கடமை எல்லாம். மற்றக் குழுக்கள் உட்கார்ந்து தங்களுக்குள் பேசி, கடைசியில் செய்து பார்க்கத் தயாராக இருப்பவர்கள் எல்லார் முன்னாலும் கை தூக்கினார்கள். பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் அந்த இறைச்சியைச் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம்.

கை தூக்கினார்கள் என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வகுப்பில் யாரும் தூக்காத கை, இங்கே வீட்டு உணவையே மாற்றியிருக்கிறது. அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் மனிதர் வேறு மாதிரி ஆகிவிடுகிறார். லெவின் 1947இல், 56 வயதில் இறந்துபோனார். லியோன் ஃபெஸ்டிங்கர், மார்டன் டாய்ச், ஹெரால்ட் கெல்லி, ஸ்டான்லி ஷாக்டர் என்று அடுத்த தலைமுறையில் துறையைத் தூக்கிப் பிடித்த பலர் அவரிடம் பழகியவர்கள், அல்லது அவர் தொடங்கிய ஆய்வு மையத்தில் வளர்ந்தவர்கள்.

அந்த ஃபெஸ்டிங்கர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1957இல் அவர் முன்வைத்த அறிவுசார் முரண்பாட்டுக் கோட்பாடு உலகப் புகழ் பெற்றது: மனதில் இருக்கும் இரண்டு விஷயங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தாவிட்டால், அந்த உறுத்தலைக் குறைக்க மனம் வழி தேடும் என்பது அது. அதற்கு விதை போட்ட ஆய்வுகளில் ஒன்று ஜமுனா பிரசாத் என்பவருடையது. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று நடந்த பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் மக்களிடையே உலவிய வதந்திகளை அவர் திரட்டி, 1935இல் வெளியிட்டார். நிலம் பலமாகக் குலுங்கியும் சேதம் ஏற்படாத பகுதிகளில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சு பரவியிருந்தது. தப்பித்தவர்கள் ஏன் தங்களைத் தாங்களே பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? ஃபெஸ்டிங்கர் இதைத் திருப்பிப் போட்டார். பயம் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது; சுற்றிப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை; ஆகவே பயத்துக்குப் பொருத்தமான ஒரு காரணத்தை மனம் தேடிக்கொள்கிறது. பிரசாத்தின் பெயர் பாடப்புத்தகங்களில் அரிதாகத்தான் வருகிறது. நான் பாடம் எடுக்கும் இடத்தில் எல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன்.

சரி, படிப்புக்கு வருகிறேன். இளங்கலை, முதுகலை, அப்புறம் முனைவர் பட்டம். கடைசிப் படி மட்டும் நாட்டைப் பொறுத்து 3 முதல் 6 ஆண்டு பிடிக்கும். மனிதர்களைப் பற்றிப் பேசப் பிடிக்கும் என்பதால் வருகிறவர்கள் அநேகம். முதல் ஆண்டிலேயே அவர்கள் முன்னால் புள்ளியியல் வந்து நிற்கும். அதைத் தவிர்க்க வழியே கிடையாது. நான் பயந்து ஓடிய அதே பாடம்தான் இப்போது என் கைக்கருவி. தப்பு இல்லாமல் கணக்குப் போடுவது அதில் சிறிய பகுதி. 'இந்த வித்தியாசம் வெறும் தற்செயலாகவும் வந்திருக்கலாமோ' என்று ஒவ்வொரு முறையும் நிதானித்துக் கேட்கும் பழக்கத்தைத்தான் அது முக்கியமாகக் கற்றுத்தருகிறது. கொஞ்சம் நிரல் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். ஆர் என்ற இலவச மென்பொருள் போதும்.

மற்றபடி, ஆரம்ப ஆண்டுகளின் வேலை மிகவும் பொறுமை கேட்பது. பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரே அறிவுறுத்தலை ஒரே குரலில் வாசிக்க வேண்டும். காணொளியை நிறுத்தி நிறுத்தி யார் யாரைப் பார்த்தார்கள் என்று குறிக்க வேண்டும். ஆய்வு நெறிக் குழுவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும், திரும்பி வந்தால் திருத்தி எழுத வேண்டும். இந்த நெறிக் குழுவைச் சிலர் தொல்லையாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உத்தரவுக்கு மனிதர்கள் எவ்வளவு தூரம் பணிவார்கள் என்று பார்த்த ஸ்டான்லி மில்கிராமின் சோதனைகளில் கைநடுங்கி, வியர்த்து, பேச்சுத் தடுமாறிய மனிதர்கள் அவர்களாகவே வந்து அமர்ந்த சாதாரண ஆட்கள். நம் ஆர்வத்துக்காக இன்னொருவரை அந்த நிலைக்குக் கொண்டுபோகலாமா என்று வெளியாள் ஒருவர் கேட்பது அவசியம்.

மில்கிராம் என்றதும் எல்லாரும் 65 சதவீதம் என்பார்கள். 40 பேரில் 26 பேர், மறு அறையில் இருப்பவருக்கு 450 வோல்ட் அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே கடைசி வரை பொத்தானை அழுத்தினார்கள். மனிதன் இயல்பிலேயே கொடியவன் என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்டுகிறவர்கள், அவர் செய்த மற்ற மாறுபாடுகளைப் படிப்பதில்லை. ஆய்வாளர் அறையில் இல்லாமல் தொலைபேசியில் உத்தரவு கொடுத்தபோது கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள். கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து 'இனி முடியாது' என்று சொன்னபோது 40இல் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். மனிதர்கள் அதே மாதிரியானவர்கள், கருவியும் அதேதான். பக்கத்தில் இருவர் மறுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சாலமன் ஆஷ் செய்த கோட்டுச் சோதனைகளிலும் இப்படியே. காட்டிய கோட்டின் அதே நீளம் உள்ள கோடு எது என்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தும், சுற்றியிருந்த எல்லாரும் (அவர்கள் ஆய்வாளர் ஏற்பாடு செய்த ஆட்கள்) தவறாகச் சொன்னபோது பங்கேற்பாளர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை கூட்டத்தோடு போனார்கள். சரியாகச் சொல்லும் ஒரே ஒரு ஆள் உடன் இருந்தால் அந்தத் தவறுகள் கால்வாசியாகக் குறைந்தன. பிற்பாடு எனக்குச் சோதனை வந்தபோது நான் நினைத்துக்கொண்டது இந்த இரண்டு முடிவுகளையும்தான்.

என் முனைவர் ஆய்வு, பாடப்புத்தகங்களில் இடம்பெற்றிருந்த ஒரு விளைவை, அதாவது இப்படிச் செய்தால் மனிதர்கள் இப்படி மாறுவார்கள் என்ற ஒரு கண்டுபிடிப்பை, எடுத்து அதன்மேல் இன்னொரு அடுக்கு கட்டுவதாக இருந்தது. அடுக்கு கட்டுவதற்கு முன்னால் அடித்தளம் வேண்டும் அல்லவா? முதலில் பழைய சோதனையை அப்படியே செய்தேன். விளைவு வரவில்லை. மறுபடி செய்தேன். வரவில்லை. நெறியாளர் கனிவானவர். "இன்னொரு தடவ பண்ணிப் பாருங்க. அறிவுறுத்தல இன்னும் நிதானமா வாசிச்சுப் பாருங்களேன்," என்றார். நிதானமாக வாசித்தேன். அறையின் விளக்கை மாற்றினேன். பங்கேற்பாளரிடம் சிரித்துப் பேசுவதால் கெடுகிறதோ என்று சிரிப்பதை நிறுத்தினேன். மூன்றாவது முறையும் வரவில்லை. ஓர் ஆண்டு போய்விட்டது.

அந்த ஓர் ஆண்டில் நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மற்ற மாணவர்கள் தங்கள் முடிவுகளை ஆய்வுக்கூட்டங்களில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். அவர்களுக்கு எல்லாம் வருகிறது. அந்த விளைவைப் பற்றி ஆய்விதழ்களில் கட்டுரைமேல் கட்டுரை, உலகத்துக்கே வருகிறது. என் கைதான் சரியில்லை. படிப்பை விட்டுவிடலாம் என்று கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன்.

ஒரு மாநாட்டில், சுவரில் ஒட்டியிருந்த ஆய்வுச் சுருக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொரு பல்கலைக்கழக மாணவர் பக்கத்தில் வந்து நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். விளைவின் பெயரைச் சொன்னேன். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு அது வருதா?" என்றார்.

அவருக்கு நான்கு முறை வரவில்லை. அவருக்குத் தெரிந்த இன்னொருவருக்கு இரண்டு முறை. எல்லாரும் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். எந்த விஷயம் என்னை இந்தத் துறைக்கு அழைத்து வந்ததோ, அதுவே அந்தத் துறைக்குள் உட்கார்ந்திருந்தது. வராத முடிவுகள் வெளியே தெரிவதில்லை. வந்த முடிவுகள் மட்டும் அச்சாகின்றன. அச்சானதைப் பார்த்து ஒவ்வொருவரும் தலையாட்டுகிறோம். ராபர்ட் ரோசென்தால் இந்த இழுப்பறைச் சிக்கலைப் பற்றி 1979இலேயே எழுதியிருக்கிறார். அதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். என் மேசையின் இழுப்பறையைத்தான் அவர் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை.

துறை முழுக்க இது வெடித்த கதை இன்று பலருக்கும் தெரியும். எதிர்காலத்தை முன்கூட்டி உணர முடியும் என்று காட்டும் டேரில் பெம்மின் கட்டுரை 2011இல் ஒரு முன்னணி ஆய்விதழில் வந்தது. நாம் எல்லாரும் பின்பற்றும் முறைகளைக் கொண்டே இப்படியொரு முடிவுக்கு வர முடிகிறது என்றால் அந்த முறைகளை எப்படி நம்புவது? அதே ஆண்டு ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் ஆகிய மூவரும், கணக்கில் கொஞ்சம் இஷ்டம்போல வளைந்து கொடுத்தால் ஒரு பாட்டைக் கேட்டவர்களுக்கு வயதே குறைந்துவிட்டது என்றுகூடக் 'கண்டுபிடிக்க' முடியும் என்று செய்து காட்டினார்கள். அதே ஆண்டு நெதர்லாந்தின் டீடெரிக் ஸ்டாபெல் ஆண்டுக்கணக்காகத் தரவுகளைக் கற்பனையாக உருவாக்கியது வெளியே வந்தது. அவருடைய 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதை வெளியே கொண்டுவந்தவர்கள் அவர் துறையிலேயே இருந்த மூன்று இளம் ஆய்வாளர்கள். புகழின் உச்சியில் இருந்த மனிதருக்கு எதிராக, எதிர்காலத்தையே பணயம் வைத்துச் சான்று சேகரித்தார்கள். துறையில் நான் மிகவும் மதிக்கிறவர்கள் யார் என்று கேட்டால் இந்த மூவரைத்தான் சொல்வேன்.

2015இல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெரும் கூட்டு முயற்சி, உளவியலில் வெளிவந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. முதலில் 97 சதவீத ஆய்வுகள் விளைவு உண்டு என்றிருந்தன. மறுபடி செய்தபோது 36 சதவீதத்தில்தான் அது தெரிந்தது. சமூக உளவியல் ஆய்வுகளை மட்டும் எடுத்தால் நாலில் ஒன்று. அந்த எண்ணைப் படித்த இரவு எனக்கு வந்தது நிம்மதி. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கடைசியில் யாரோ எழுந்து நின்று கை தூக்கிவிட்டார்கள்.

அதனால் இந்தத் துறைக்கு இப்போது வருகிறவர்கள் என்னைவிட நல்ல காலத்தில் வருகிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். என்ன எதிர்பார்க்கிறோம், எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்பதைத் தரவு திரட்டும் முன்பே பதிவு செய்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. சில ஆய்விதழ்கள் முடிவு தெரியும் முன்னரே, ஆய்வுத் திட்டத்தை மட்டும் பார்த்து, வெளியிடுவதாக உறுதி கொடுக்கின்றன. முடிவு 'இல்லை' என்று வந்தாலும் அச்சாகும். முனைவர் பட்டத்துக்கு நெறியாளரைத் தேடும்போது அவருடைய வெளியீட்டுப் பட்டியலை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நேரில் பேசும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, அண்மையில் உங்களுக்கு எதிர்பார்த்தபடி வராத ஆய்வு எது? அதை என்ன செய்தீர்கள்?" பெண் பேராசிரியர் என்றால் அம்மா என்றோ மேடம் என்றோ கேட்டுக்கொள்ளுங்கள். கேள்விதான் முக்கியம். உற்சாகமாகப் பதில் சொல்கிறவரிடம் சேரலாம். 'அப்படி எதுவும் இல்லை' என்பவரிடம் வேண்டாம்.

எல்லாமே இடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஆஷின் முடிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இன்னும் சில திருத்தப்பட்டு முன்னைவிட உண்மையாகியிருக்கின்றன. 1968இல் ஜான் டார்லியும் பிப் லாட்டனேயும் செய்த சோதனையில், ஒருவருக்கு வலிப்பு வருவதை ஹெட்போனில் கேட்டவர்களில், தான் மட்டும் கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் நோயாளியின் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம். இதற்குத் தூண்டுதலாக இருந்தது 1964இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கொலை. 38 பேர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்கள் என்ற செய்தி பின்னால் ஆராயப்பட்டபோது நிற்கவில்லை. மூன்று நாடுகளின் தெருக் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 மோதல்களை ஓர் ஆய்வுக் குழு அலசியது. அதன் முடிவு 2019இல் வந்தது: பத்தில் ஒன்பதில் யாரோ ஒருவராவது தலையிட்டிருந்தார். கூட்டத்தில் தனிமனிதர் தயங்குகிறார் என்பதும், கூட்டம் பெரிதாக இருந்தால் யாராவது ஒருவர் முன்வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் சேர்ந்தே இருக்கலாம். பழைய கதையை மட்டும் தெரிந்துவைத்திருப்பவரைவிட இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவர் மனிதர்களைக் கொஞ்சம் கூடுதலாக நம்புவார். நான் நம்புகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு, அது இன்னும் தீரவில்லை. 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் முன்னணி உளவியல் இதழ்களைப் புரட்டிக் கணக்கெடுத்தார். ஆய்வில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் மேலை நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த நாடுகளில் வாழ்வது உலக மக்கள்தொகையில் 12 சதவீதம். மீதிப் பேரைப் பற்றி எழுத நம்மைப் போன்றவர்கள் வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். மொழியில் இருந்தே இது தொடங்குகிறது. எம்பராஸ்மென்ட் என்ற உணர்வை அளக்கும் வினாத்தாளைத் தமிழாக்கிய அனுபவத்தைச் சொல்கிறேன். வெட்கம் என்று போட்டேன். சோதித்துப் பார்த்தவர்களில் சிலர், யாரோ புகழும்போது வரும் வெட்கத்தை நினைத்துக்கொண்டார்கள். அவமானம் என்று போட்டால் அளவுக்கு மீறிக் கனத்தது. சங்கடம் என்றால், அடுத்தவருக்காக நாம் நெளிவதும் அதில் சேர்ந்துவிடுகிறது. கடைசியில் கூச்சம் என்று வைத்தோம், அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையே ஓர் ஆய்வுப் பொருள் என்று இப்போது தோன்றுகிறது.

வேலைவாய்ப்பு பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் முனைவர் பட்டம் முடிப்பவர்களின் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு. திறமை உள்ள பலருக்கும் கிடைப்பதில்லை. நான் இரண்டு தற்காலிகப் பணிகளில் இருந்தேன், மூட்டை மூட்டையாக விண்ணப்பம் போட்டேன், பிறகு பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியே வந்தேன். வெளியே வந்தது தோல்வி என்று பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்; இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தத் துறை எப்போதுமே வெளியேயும் வாழ்ந்திருக்கிறது. கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டி மேமி கிளார்க்கும் கென்னத் கிளார்க்கும் 1940களில் செய்த ஆய்வு, பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு இட்டுச்சென்ற வழக்குகளில் சான்றாக வைக்கப்பட்டது. 2010இல் பிரிட்டன் அரசு, நடத்தை அறிவியலைக் கொள்கையில் பயன்படுத்தத் தனிக் குழுவே அமைத்தது. அப்புறம் பொதுச் சுகாதாரம், கருத்துக்கணிப்பு, மென்பொருள் நிறுவனங்களின் பயனர் ஆய்வு, மனிதவளம், தொண்டு நிறுவனங்களின் திட்ட மதிப்பீடு என்று பல இடங்களில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். வேலை விளம்பரத்தில் 'சமூக உளவியலாளர் தேவை' என்று இருக்காது. ஆய்வாளர், பகுப்பாய்வாளர் என்று இருக்கும். நீங்கள்தான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

நான் இப்போது மக்கள் நலவாழ்வு பற்றிய கணக்கெடுப்புகளுக்குக் கேள்வி தயாரிக்கிறேன். ஒரு கேள்வி இப்படி இருந்தது: 'கடந்த 4 வாரங்களில் உங்கள் உடல்நலம் உங்கள் அன்றாடச் செயல்பாடுகளை எந்த அளவு மட்டுப்படுத்தியது?' முன்னோட்டத்தில் எல்லாரும் மளமளவென்று டிக் செய்து கொடுத்தார்கள். ஒரு வயதான அம்மா 'ஓரளவு' என்று குறித்திருந்தார். வழக்கப்படி அவரிடம் கேட்டேன்: "இந்தக் கேள்விய உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா."

"உடம்பு நம்மள அளவோட வேலை செய்ய வைக்குதான்னு கேக்குறாங்க. நல்லதுதானே கண்ணு."

மட்டுப்படுத்தியது என்பது அவருக்கு ஒரு நல்ல விஷயமாகக் கேட்டிருக்கிறது. சந்தேகமாக இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றார். பின் ஏன் கேட்கவில்லை? "எல்லாரும் எழுதிட்டிருந்தாங்களே."

கேள்வியை மாற்றினோம். 'கடந்த 4 வாரங்களில், உடம்பு சரியில்லாததால் செய்ய முடியாமல் போன வேலை ஏதாவது உண்டா?' பலருடைய பதில் மாறியது. அந்தக் கணக்கெடுப்பைப் பார்த்துத்தான் எங்கே மருந்து போக வேண்டும், எங்கே ஆள் போக வேண்டும் என்று முடிவெடுப்பார்கள். ஒரு சொல் தப்பாக இருந்தால், நோயோடு இருக்கிற ஓர் அம்மா நலமாக இருப்பவர்களின் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுவார். என் வேலை பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் காலையில் எழும்போது, போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறேன் என்ற நினைப்பு இருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள் இளங்கலை மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன், நானே கேட்டு வாங்கிய வகுப்பு. 'புரிந்ததா?' என்று அங்கே நான் கேட்பதில்லை. பாடம் முடியும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, எந்த வரியில் தடுமாறினீர்கள் என்று பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்கிறேன். பிறகு எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் உரக்க வாசிக்கிறேன். போன வாரம் முதல் தாளை வாசித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. நான்காவது தாளிலும் அதே வரி வந்தபோது பின்வரிசையில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்த்தான். பத்தாவது தாளில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். முக்கால்வாசிக்கு மேல் அந்த ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள். பலகையை முழுக்க அழித்துவிட்டு, அந்த வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.